சிவப்புக் கோடு வரை நடந்த பிள்ளை

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் புதிதாகத் திறந்த டிராம்போலின் பார்க் ஒன்றில் குதிக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்கும் மார்ஷல் வேலைக்குச் சேர்ந்தான். பயிற்சி முடிந்து வந்த அன்று, அங்கே போட்டுக் காட்டிய ஒரு வீடியோவைப் பற்றி என்னிடம் சொன்னான். மஞ்சள் சாக்ஸ் போட்ட ஒரு சிறுமி கீழே விழுந்து கிடக்கிறாள். ஒரு சார் குந்தி உட்கார்ந்து கை நீட்டுகிறார். அவள் எழுந்து தானாகவே சிவப்புக் கோடு வரை நடந்து போகிறாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அதோடு வீடியோ நின்றுவிடுகிறது. விழுந்த பிள்ளையை இப்படித்தான் கையாள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

"ஓரத்துல ஒருத்தர் முட்டி போட்டுட்டு இருக்காருண்ணா. மூஞ்சி தெரியல. ஆனா உங்க மாதிரியே இருக்கு" என்றான்.

நான்தான் அது. அந்தச் சிறுமியின் பெயர் தியா. வீடியோ நின்ற பிறகு நடந்ததை யாரும் அவனுக்குக் காட்டப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் தொழிலில் முப்பதைத் தாண்டியவனை நான் பார்த்ததில்லை. முழங்கால் போய்விடும், இல்லையென்றால் விசில் ஊதி ஊதிப் பொறுமை போய்விடும். என்னுடையது இரண்டிலும் சேராது.

அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பொம்மனஹள்ளிக்கு வந்து ஒரு கம்பெனியில் லோடு ஏற்றியவர். அம்மா ஆபீஸ் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். இருவருக்கும் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான், பிறகு பி.காம். டிகிரியும் வாங்கினேன். வைட்ஃபீல்டில் ஒரு மாலின் மேல்தளத்தில் வேலை கிடைத்தபோது, கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் காட்டினாள். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு, "பசங்க விளையாடறதைப் பார்த்துக்கற ஆபீசர்" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய ஹால். தரை பூராவும் ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிய துணிப் படுகைகள். படுகைகளுக்கு நடுவே இரும்புச் சட்டம், அதன் மேல் மெத்தைப் பட்டை. ஒரு படுகையில் ஒருவர்தான் குதிக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். காரணம் இருக்கிறது. எடை குறைந்த பிள்ளை குதிக்க எழும் அந்த நொடியில் எடை கூடிய ஒருவர் அதே படுகையில் வந்து விழுந்தால், அவருடைய வேகமும் சேர்ந்து பிள்ளையைத் தூக்கி எறிந்துவிடும். பிள்ளை தானாகக் குதிக்கும் உயரம் அல்ல அது. எங்கே விழுவோம் என்று அதற்கே தெரியாது.

பயிற்சி நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விசில், எந்தக் குழுவுக்கு எந்த சாக்ஸ் கலர், வரிசை. முதலுதவி சொல்லிக்கொடுக்க மட்டும் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் வந்தார். கட்டு போடுவதைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தலைக்கு வந்தார். தலையில் அடிபட்ட பிள்ளையை எழுப்பாதே, தூக்காதே, தலைக்கு இரண்டு பக்கமும் கை வைத்து அசையாமல் பிடி, பேச்சுக் கொடு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறதா, தூக்கம் வருகிறது என்கிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சில குழந்தைங்க அடிபட்டதும் எழுந்து நல்லா பேசும், நடக்கும். உள்ளே ரத்தம் கசிஞ்சிட்டு இருக்கும். நடக்குதேன்னு யாரும் நிம்மதி ஆயிடாதீங்க."

நான் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் நம்புவேன். எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அதனால் வெளியில் யார் எது சொல்லிக்கொடுத்தாலும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஓர் எண்ணம்.

பயிற்சி முடிந்து முதல் நாள் தளத்தில் இறங்கியதும் நர்ஸ் சொன்னதைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.

சொன்னவர் எங்கள் மேனேஜர் நவீன் சார். அவரைக் கெட்டவராகக் காட்டினால் எழுதுவது எனக்குச் சுலபம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கன்னடக்காரர், தமிழர்களிடம் தமிழிலேயே பேசுவார். மதியம் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் சாப்பிட்டுவிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தன் டப்பாவைத் திறப்பார். குழந்தைகளிடம் பேசும்போது நின்றபடி பேச மாட்டார். குந்தி உட்கார்ந்து அதன் கண்ணுக்கு நேராகப் பேசுவார். எந்தப் பிள்ளையும் அவரிடம் அழுது நான் பார்த்ததில்லை.

அவர் கொண்டுவந்த முறைக்கு எங்களுக்குள் 'வாக் எடுக்கறது' என்று பெயர். ஒரு பிள்ளை விழுந்தால் வாக்கி-டாக்கியில் 'விழுந்தது' என்று சொல்லக் கூடாது. 'டவல் வேணும்' என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் போய்க் கேமராவுக்கு முதுகு காட்டாமல் மண்டியிட வேண்டும். சிரிக்க வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும்; எழுந்ததும் கையை விட்டுவிட வேண்டும். தளத்தின் எல்லையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதுவரை பிள்ளை யாரையும் பிடிக்காமல் தானாக நடக்க வேண்டும். நடக்கும்போது மற்ற மார்ஷல்கள் கைதட்ட வேண்டும். கோட்டைத் தாண்டியதும் ஐஸ் பை, 'சூப்பர் ஸ்டார்' ஸ்டிக்கர், அடுத்த முறைக்கு ஒரு கூப்பன். நடந்தது கேமராவில் பதிவாகிவிடும். பிற்பாடு யார் கேட்டாலும், உங்கள் பிள்ளை நன்றாகத்தான் நடந்து போனது என்று காட்டலாம்.

நர்ஸ் வேறு மாதிரி சொன்னாரே என்று நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நூறு பிள்ளை விழுந்தால் நூறும் பயத்தில்தான் அழும், எழுந்து நடந்தால் பயம் போய்விடும், படுக்க வைத்தால்தான் அதற்கே சீக்கு வந்த மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் அதை நம்பினார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையும்கூட. நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாக் எடுத்திருக்கிறேன். கூப்பனை வாங்கிக்கொண்டு மறுபடி குதிக்க ஓடியவர்கள்தான் அதிகம்.

பெரியவர்களுக்கும் வாக் உண்டு. ஒரு ஐ.டி. கம்பெனியின் டீம் அவுட்டிங்கில், கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு எதிரில் பல்டி அடிக்கப் போன ஒருவர் தன் முழங்காலில் தன் நெற்றியையே இடித்துக்கொண்டு விழுந்தார். எழுப்பினால் எழவில்லை. "அஞ்சு நிமிஷம் இப்படியே விடுங்க பாஸ். அவங்க காஃபி குடிக்கப் போகட்டும்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு கைதட்டலோடு நடந்து போனார். மறுநாள் அவருடைய நண்பர் போன் செய்தார். காரை எங்கே நிறுத்தினோம் என்பது அவருக்கு நினைவில்லை, ஆபீசில் ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேட்டிருக்கிறார், அங்கே அடி பலமாகப் பட்டதா என்று விசாரித்தார். போனை நவீன் சார் வாங்கிக்கொண்டார். நன்றாக நடந்துதான் போனார் சார், வீடியோ இருக்கிறது, அனுப்பட்டுமா என்று பணிவாகக் கேட்டார். அதன் பிறகு வாக் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போன் நினைவுக்கு வரும். நின்றுவிடவில்லை. எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

தியா வந்தது பள்ளிக்கூட விடுமுறையில், ஒரு மத்தியானம். எட்டு வயது. கூட வந்தது கலா அக்கா. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பக்கத்து அபார்ட்மென்டில் நான்கு வீடுகளில் வேலை; அதில் தியா வீடும் ஒன்று. தியாவின் அம்மாவும் அப்பாவும் ஆபீசில் இருந்தார்கள். கலா அக்காவுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கண்ணாடிக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அந்த விடுமுறையில் அவர்கள் அடிக்கடி வந்ததால் எனக்குப் பழக்கம். "தம்பி, எங்க பாப்பாவைப் பார்த்துக்க. அது மேல ஒரு கீறல் விழுந்தா என் தோலை உரிச்சிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அன்றைக்கு ஒரு பிறந்தநாள் விழா. மார்ஷல்களில் பாதிப் பேரை அங்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு தொகுதிப் படுகைகள் சேர்ந்தது ஒரு கோர்ட்; மூன்று கோர்ட்டுக்கு நான் ஒருவன். கல்லூரிப் பையன் ஒருவன் படுகைக்குப் படுகை தாவி வந்தான். விசில் ஊதினேன். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே தியாவின் படுகையில் வந்து விழுந்தான். தியா சுழன்று மேலே போனாள். இரும்புச் சட்டத்தின் மேல், மெத்தைப் பட்டை விலகி டேப் ஒட்டியிருந்த இடத்தில், இடது காதுக்கு மேலே தலை பட்டு விழுந்தாள்.

ஓடிப்போய் மண்டியிட்டேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்தேன். ரத்தம் இல்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, என் சாக்ஸ் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாள். காலில்தான் இருக்கிறது என்றேன். சரி என்றாள். பிறகு, என் சாக்ஸ் எங்கே என்றாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள்.

நவீன் சார் வந்து நின்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"பிரபு, வாக் எடுப்பா."

"சார், கேட்டதையே கேக்குது சார். அசைக்க வேணாம். ஆம்புலன்ஸ் சொல்லிடலாம்."

"எல்லாரும் பாக்கறாங்க. இப்படிப் படுக்க வச்சிருந்தா என்ன நினைப்பாங்க? எழுப்பு. மிச்சத்தை வெளிய போய்ப் பாத்துக்கலாம்."

"எழுப்ப மாட்டேன் சார்."

இந்த வேலையில் நான் அவரிடம் 'மாட்டேன்' என்று சொன்னது அது ஒருமுறைதான். அவர் குந்தி உட்கார்ந்தார். நீ எவ்வளவு தைரியசாலி என்று எல்லோருக்கும் காட்டு பார்க்கலாம் என்று தியாவிடம் கேட்டுக் கையை நீட்டினார். அந்தப் பிள்ளை சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. எழுந்து உட்கார்ந்தது. தலையை அமுக்கிப் பிடித்து வைத்திருக்க முடியுமா? கையை எடுத்தேன். தியா எழுந்து நின்றாள். நடந்தாள். தடுமாறவில்லை, கோணவில்லை, மற்ற பிள்ளைகளைவிட அழகாகவே நடந்தாள். கைதட்டினார்கள். சிவப்புக் கோட்டைத் தாண்டினாள்.

பயிற்சியில் காட்டும் வீடியோ இவ்வளவுதான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் கலா அக்கா பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டார். ஒண்ணும் ஆகலம்மா என்று நவீன் சார் சமாதானம் சொல்லி, ஐஸ் பையைக் கொடுத்துவிட்டு, பிறந்தநாள் விழாவைப் பார்க்கப் போனார். நான் கலா அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்."

"நடந்து வந்துச்சே தம்பி. நல்லாத்தானே இருக்கு."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். அதாங்க்கா பயமே."

"மேடத்துக்குப் போன் போட்டேன், எடுக்கல. மீட்டிங்ல இருப்பாங்க. அவங்களைக் கேக்காம நான் எப்படி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவேன்? நீ டாக்டரா?"

"இல்லக்கா."

"அந்த சாரு ஒண்ணும் இல்லேங்கறாரு. நீ அவருகிட்ட வேலை பாக்கறவன். நான் யார் பேச்சைத் தம்பி கேக்கறது?"

கழுத்தில் இருந்த கார்டில் மார்ஷல் என்று எழுதியிருந்தது. அதை வைத்து என்ன சொல்ல? அவர் மறுபடி மறுபடி போன் போட்டார். கவுண்டரில் இருந்த பெண் நான் கேட்டதற்காக ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வண்டி சிக்னலில் நிற்கிறது என்று பதில் வந்தது. அந்த ரோட்டில் நிற்கிற வண்டி எப்போது நகரும் என்று வைட்ஃபீல்டில் யாராலும் சொல்ல முடியாது. தியா தூக்கம் வருகிறது என்று அக்காவின் தோளில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டாள்.

கலா அக்கா போனைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"தூக்கு தம்பி."

தூக்கக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்களேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டினேன். உடம்பை நான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். தலையை அக்கா இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கிக்கொண்டார். பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்து லிஃப்டுக்குப் போனோம். ஷிஃப்ட் நடுவில் வெளியே போனால் திரும்பி வருவது கஷ்டம் பிரபு என்று நவீன் சார் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. வாசலில் ஆட்டோ கிடைத்தது. அதிலும் அக்கா கையை எடுக்கவில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது முழங்கையைத் தன் தொடையில் ஊன்றி, தலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். முணுமுணுவென்று ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுற்றிய சவ்வுக்கும் நடுவே ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். தியாவின் அம்மாவும் அப்பாவும் அதற்குள் வந்துவிட்டார்கள். அந்த அம்மா முதலில் கேட்டது கலா அக்காவிடம்தான். உனக்கு யார் பெர்மிஷன் கொடுத்தது என்று கேட்டார். விளையாடக் கூட்டிப் போனதற்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததற்கா என்று எனக்குப் புரியவில்லை. பயத்தில் கேட்டது, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம் என்றார். நானும் அக்காவும் சுவர் ஓரமாக நின்று அதைக் கேட்டோம்.

தியா பிழைத்தாள். வலது கை மட்டும் பென்சில் பிடிக்க மறுத்தது. அது சரியாக நாளாகும் என்றார்கள்.

அதன் பிறகு மாலில் ஒரு அறையில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். பெற்றோர், அவர்களுடைய வக்கீல், பார்க் தரப்பு வக்கீல், நவீன் சார், நான், கலா அக்கா. அந்த வீடியோவை அங்கேதான் முதலில் போட்டுக் காட்டினார்கள். பிள்ளை நடக்கிறது. கோட்டைத் தாண்டுகிறது. நின்றுவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பதிவு இல்லை என்றார்கள்.

பார்க் வக்கீல் என்னிடம் கேட்டார். தலையில் அடிபட்டவரைத் தூக்கக் கூடாது என்று உங்களுக்குப் பயிற்சி கொடுத்தோமா இல்லையா? கொடுத்தீர்கள். நீங்கள் தூக்கினீர்களா இல்லையா? தூக்கினேன். அதே பயிற்சிதான் எழுப்பவும் கூடாது என்று சொன்னது என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். நவீன் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கலா அக்காவிடம் திரும்பினார்கள். இந்தப் பையன் பிள்ளையை எப்படித் தூக்கிக்கொண்டு போனான்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விபத்து நடந்த அன்றைக்கே வேலைக்கு வருபவர்களைப் பதிந்து உள்ளே விடும் அபார்ட்மென்ட் கேட் ஆப்பில் கலா அக்காவின் பெயரை பிளாக் செய்துவிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஒரு வீட்டு வேலை மட்டுமல்ல, மற்ற மூன்று வீட்டு வேலையும் போயிற்று. வேறு அபார்ட்மென்டில் கேட்டால் பழைய இடத்தில் விசாரிக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் ஊரோடு போய்விட்டவர். அந்த அறைக்கு வருவதற்கு முன்னால் அவரிடம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஓடினாரு. பாப்பா தலை தொங்கிட்டு ஆடிச்சு."

நான் "அக்கா" என்றேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். பெற்றோரும் பார்க்கும் உள்ளே என்ன பேசி முடித்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதை மட்டும் சொன்னார்கள். அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. எந்த பார்க்கும் என்னை எடுக்காது. பிள்ளையைத் தூக்கி ஆட்டியவன் என்று பெயர். நவீன் சாரை எல்லாக் கிளைகளுக்கும் பயிற்சி அதிகாரியாகப் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது, "எங்களுக்குப் படிப்பு இல்ல, சொன்னதைச் செஞ்சிட்டு இருந்தோம். நீ படிச்சிட்டு என்னடா பண்ணே?" என்றார். இப்போது ஹெப்பகோடியில் ஒரு கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்கிறேன். கீழே விழும் பெட்டியை யாரும் நடக்கச் சொல்வதில்லை.

இந்த வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். பிள்ளை நடந்தால் அது நடக்கிறது, அவ்வளவுதான். தலைக்குள் என்ன நடக்கிறது என்பது காலில் தெரியாது. கைதட்டாதீர்கள். வேலை போனாலும் போகட்டும் என்று எழுத ஆசைதான். போனவனுக்குத்தான் அதன் வலி தெரியும் என்பதால் எழுதவில்லை.

கலா அக்காவை அதன் பிறகு ஒருமுறை வைட்ஃபீல்ட் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். நேரே வந்தார். அந்த அறையில் பேசிய மறுநாளே பிளாக்கை எடுத்துவிட்டார்கள், நான்கு வீட்டு வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றார். தியா வீடும்தானா என்று கேட்டேன். அந்த வீடும்தான் என்றார். பாப்பா இடது கையால் எழுதப் பழகுகிறதாம்; பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை நகராமல் பிடித்துக்கொள்வது இவர்தானாம்.

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணுமே கேக்கலையே தம்பி. திட்டவாவது திட்டு."

"என்னத்தக்கா கேக்கறது."

"தலை என் ரெண்டு கைக்குள்ளதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நான் விடல. ஆடவே இல்ல. எனக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரியும் என்றேன். அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. பஸ் வந்தது. பாப்பா ஸ்கூலிலிருந்து வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, முன்வாசலில் கம்பியைப் பிடித்து ஏறிப் போனார்.